வாஷ்டி பன்யன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனைச் சேர்ந்த வாஷ்டி பன்யனின் பாடல் ஒன்றை யாருக்காவது போட்டுக் காட்டினால், பாட்டு முடிவதற்குள்ளேயே கேள்விகள் தொடங்கிவிடுகின்றன. அதே கேள்விகளுக்கு அதே பதில்களைத் துண்டு துண்டாகச் சொல்லி அலுத்துப்போன பிறகு, எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. போகப் போக வாதத்துக்கு இடமுள்ளவை வரும்.

வாஷ்டி பன்யன்னா யாருங்க? நான் கேள்விப்பட்டதே இல்லையே.

1945இல் வடகிழக்கு இங்கிலாந்தில் பிறந்து, கைக்குழந்தையாக இருந்தபோதே லண்டனுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தில் வளர்ந்த பாடகி. தம் பாடல்களில் பெரும்பாலானவற்றைத் தாமே எழுதியவர். 1965இல் ஒரு சிங்கிள் இசைத்தட்டு (பக்கத்துக்கு ஒரு பாட்டு), 1966இல் இன்னொன்று, 1970 டிசம்பரில் 'ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே' என்ற ஓர் ஆல்பம் ஆகியவற்றோடு அவருடைய முதல் சுற்று இசை வாழ்க்கை முடிந்துவிட்டது. மூன்றில் எதுவும் விற்கவில்லை. ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது 25. அதன் பிறகு அவர் பாடுவதையே விட்டுவிட்டார்.

நீங்கள் கேள்விப்படாததில் வியப்பில்லை. அவர் பாடிய காலத்தில் அவருடைய நாட்டினரே கேள்விப்படவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 2000இல் அந்த ஆல்பம் மறுபதிப்பு கண்ட பிறகுதான் பெயர் பரவியது.

அது நிஜப் பெயரா, சினிமாவுக்கு வைத்துக்கொள்வது போல வைத்துக்கொண்டதா?

நிஜப் பெயர்தான். ஜெனிஃபர் வாஷ்டி பன்யன் என்பது முழுப் பெயர். விவிலியத்தில் எஸ்தரின் கதை தொடங்கும் இடத்தில், அரசன் விருந்துக்கு அழைத்தும் வர மறுத்துப் பட்டத்தை இழக்கிறாளே ஓர் அரசி, தமிழ் விவிலியம் வஸ்தி என்று குறிப்பிடுகிறதே, அவளுடைய பெயர்தான் இது. குடும்பத்தில் அது முதலில் அம்மாவுக்குச் செல்லப் பெயராகவும், பிறகு அப்பாவின் படகுக்குப் பெயராகவும் இருந்து, கடைசியில் மகளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. முதல் இரண்டு சிங்கிள்களின் உறையில் 'வாஷ்டி' என்று மட்டுமே இருக்கும். பழைய இசைத்தட்டுகளைத் தேடுகிறவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

முறையாகச் சங்கீதம் படித்தவரா?

இல்லை. அவர் படிக்கப் போனது ஓவியம். ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் ஓவியப் பள்ளியில் சேர்ந்து, வகுப்புக்குப் போகாமல் கிதாரும் கையுமாகப் பாட்டெழுதிக்கொண்டிருந்ததால் வெளியேற்றப்பட்டார். 18 வயதில் நியூயார்க் போயிருந்தபோது பாப் டிலனின் 'ஃப்ரீவீலின்' இசைத்தட்டைக் கேட்டுவிட்டு, இனி பாட்டுதான் என்று முடிவு செய்துகொண்டு லண்டன் திரும்பினார்.

1964இல் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, கிதார் ஒன்றை மட்டும் துணையாகக் கொண்டு, தம் பாடல்களை வரிசையாகப் பாடிப் பதிந்திருக்கிறார். நெடுங்காலம் மறந்து கிடந்த அந்த நாடா 2007இல் வெளியான தொகுப்பில் சேர்க்கப்பட்டது. 19 வயதுப் பெண், பக்கத்தில் யாரும் இல்லாமல், ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது என்று பாடிக்கொண்டே போகிறார். பின்னால் வந்த எல்லா வாதங்களுக்கும் அந்த நாடாவைச் சான்றாகக் காட்டலாம். யாரும் அலங்காரம் செய்வதற்கு முன் அவருடைய பாட்டு எப்படி இருந்தது என்பது அதில்தான் இருக்கிறது.

ரோலிங் ஸ்டோன்ஸ் காரங்க எழுதிக் கொடுத்த பாட்டைப் பாடினாராமே, அப்புறம் எப்படித் தோற்றுப் போனார்?

உண்மைதான். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அன்றைய மேலாளர் ஆண்ட்ரூ லூக் ஓல்டம், 1964இல் மரியான் ஃபெய்த்ஃபுல் என்ற இளம் பெண்ணுக்கு அந்தக் குழுவின் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் எழுதிய பாடலைக் கொடுத்து, அதைப் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் கொண்டு சென்றிருந்தார். ஃபெய்த்ஃபுல் அவரை விட்டு விலகியதும் அந்த இடம் காலியானது. அதே வயது, அதே மென்குரல், அதே நீண்ட கூந்தல் என்று வாஷ்டி கண்ணில் பட்டார். 1965 ஜூனில் டெக்கா நிறுவனம் ஜாகர், ரிச்சர்ட்ஸ் பாடல் ஒன்றை அவர் குரலில் வெளியிட்டது. பத்திரிகைகள் அவரை 'புதிய மரியான் ஃபெய்த்ஃபுல்' என்றே பார்த்தன. ஏற்கெனவே ஒருவர் இருக்கும்போது அவருடைய நகலை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று ஓல்டம் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்த இசைத்தட்டின் மறுபக்கம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதில் இருப்பது வாஷ்டி தாமே எழுதிய பாடல். அந்தக் காலத்து வழக்கப்படி ஒரு சிங்கிள் விற்றால் இரு பக்கப் பாடல்களின் ஆசிரியர்களுக்கும் சமமான பங்கு போய்ச் சேரும். ஆகவே மறுபக்கத்தில் தன் பாட்டு இடம்பெறுவது பணக் கணக்கில் சிறிய விஷயமே கிடையாது. ஆனால் வானொலிக்காரர்கள் முன்பக்கத்தை மட்டுமே சுழல விடுவார்கள். பாட்டு எழுதத் தெரிந்த ஒரு பெண்ணை, பிறர் எழுதியதைப் பாட வந்த முகமாக மட்டுமே உலகத்துக்குக் காட்டினார்கள்.

அவருடைய சொந்தப் பாட்டு எதுவும் சிங்கிளாக வரவேயில்லையா?

வந்தது, ஓரளவுக்கு. 1966 மே மாதம் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 'ட்ரெயின் சாங்' அது. கனடாவைச் சேர்ந்த பீட்டர் ஸ்னெல் தயாரித்தார். மெட்டு வாஷ்டியுடையது, வரிகள் அலஸ்டர் கிளேர் என்ற கவிஞருடையவை. அந்த மெட்டுக்கு முதலில் வாஷ்டியே வேறு வரிகள் எழுதி வைத்திருந்தார். 'பதினேழு இளஞ்சிவப்புச் சர்க்கரை யானைகள்' என்று பொருள்படும் தலைப்பு அதற்கு! அதுவும் முன்பு சொன்ன 2007 தொகுப்பில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். யானைப் பாட்டில் விளையாட்டாகத் துள்ளிய மெட்டு, ரயிலில் ஏறி வடக்கே காதலனைத் தேடிப் போகும் பெண்ணின் வரிகள் வந்ததும் அப்படியே தாழ்ந்து கனத்துவிடுகிறது.

முதல் சிங்கிளில் இருந்த வாத்தியக் கூட்டம் இதில் இல்லை. விரல்களால் மீட்டும் கிதார், அதன் அடியில் செல்லோ, குரல் என்று அவ்வளவுதான். இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான பாட்டு. 1966இல் அது கவனிக்கப்படவே இல்லை. அதன் பின் ஓல்டமின் சொந்த நிறுவனமான இம்மீடியட்டுக்காகச் சில பாடல்களைப் பதிவு செய்தார். அவை சிங்கிளாக வெளிவராமல் அலமாரியிலேயே கிடந்தன. வரும் வரும் என்று காத்திருந்து ஏமாந்த அந்தக் காலம்தான் அவரைத் தொழிலிலிருந்து விரட்டியது என்பது என் கணிப்பு.

எல்லா இடத்திலும் 'ஃபோக்' பாடகி என்று போட்டிருக்கிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் பாப் பாடகி என்கிறீர்கள்?

நான் மட்டும் சொல்லவில்லை. அவரே அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறார். நாட்டார் பாடல் மன்றங்களில் பாடி வளர்ந்தவரோ, பழைய நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவரோ இல்லை அவர். அந்த வட்டாரத்தில் மரபுப் பாடல் ஒன்றுகூடப் பாடாதவரை ஃபோக் பாடகி என்று சொல்ல மாட்டார்கள். வாஷ்டியின் ஆசை பாப் உலகத்துக்குள்ளேயே இருந்தது. பேரிரைச்சலும் பெரிய வாத்தியக் குழுவும் ஆண்டுகொண்டிருந்த அந்த உலகத்தில், ஒரு கிதாரும் ஒரு தாழ்ந்த குரலும் மட்டும் உள்ள பாட்டும் மூன்று நிமிட பாப் பாட்டாகவே ஓட முடியும் என்று அவர் நம்பினார்.

ஃபோக் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதற்கு 1970 ஆல்பத்தில் வாசித்தவர்கள் காரணம். அதைக் கீழே சொல்கிறேன். குதிரை வண்டியும் இன்னொரு காரணம்.

குதிரை வண்டியில் ஸ்காட்லாந்து வரை போனார் என்பது நிஜமா, விளம்பரத்துக்குக் கட்டிய கதையா?

நிஜம். ஓவியக் கல்லூரி மாணவரான அவருடைய காதலர், கல்லூரிக்குப் பின்னால் இருந்த காட்டில் செடி மறைவில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார். பாட்டுத் தொழிலில் மனம் வெறுத்துப்போன வாஷ்டியும் அங்கே போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து கிளப்பிவிடப்பட்டபோது இருவருக்கும் போக்கிடம் இல்லை. பாடகர் டோனவன் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவை ஒட்டிய சிறு தீவுகளை வாங்கி, அங்கே கலைஞர்கள் கூடி வாழும் குடியிருப்பு ஒன்றை அமைக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே போவது என்று முடிவாயிற்று. டோனவன் கடனாகக் கொடுத்த பணத்தில் குதிரையும் வண்டியும் வாங்கினார்கள். குதிரையின் பெயர் பெஸ். கூடவே புளூ என்ற நாய்.

லண்டனிலிருந்து ஸ்கை தீவு சாலை வழியாக ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். 1968இல் கிளம்பியவர்கள், குளிர்காலத்தில் நடுவழியில் தங்கி, 1969இல் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குள் டோனவனும் மற்றவர்களும் அங்கிருந்து கிளம்பிவிட்டிருந்தார்கள். இவர்கள் இன்னும் மேற்கே போய், ஹெப்ரிடீஸ் தீவுக்கூட்டத்தில் பெர்னரே என்ற சிறு தீவில் வீடு பார்த்துக்கொண்டார்கள்.

இதை ஏதோ பூக்கள் சூடிய ஊர்வலம் போலக் கற்பனை செய்வோர் உண்டு. மழையில் நனைந்து, அடுப்புக்கு விறகு பொறுக்கி, குதிரைக்குப் புல் கிடைக்கும் இடம் பார்த்து இரவு தங்கி நடந்த பயணம் அது. ஆல்பத்தின் பாடல்கள் பெரும்பாலும் அந்த வழியில் எழுதப்பட்டவை. பெஸ்ஸைப் பற்றியே ஒரு பாட்டு இருக்கிறது. அதன் தாளம் குதிரை நடையாகவே போகும். நடக்க நடக்க, இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று தன்னையும் குதிரையையும் தேற்றிக்கொள்ளப் பாடிய பாடல்களாக அவற்றைக் கேட்டால் அந்தக் குழந்தைத்தனமான வரிகளின் பொருள் வேறாகிவிடுகிறது.

அந்த ஆல்பத்தில் யார் யார் வாசித்தார்கள்?

தயாரிப்பாளர் ஜோ போயிட். 1969ஆம் ஆண்டின் பிற்பகுதியில், லண்டன் சவுண்ட் டெக்னிக்ஸ் கூடத்தில் சில நாட்களிலேயே பதிவு முடிந்தது. ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் டேவ் ஸ்வார்ப்ரிக், சைமன் நிக்கல், இன்க்ரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்ட் குழுவின் ராபின் வில்லியம்சன் ஆகியோர் ஃபிடில், மாண்டலின், பாஞ்சோ, ஐரிஷ் யாழ் முதலியவற்றை வாசித்தார்கள். மூன்று பாடல்களுக்கு ராபர்ட் கிர்பி வாத்திய இசை அமைத்தார். அதே காலத்துப் பிரிட்டிஷ் பாடகர் நிக் டிரேக்கின் பாடல்களுக்கு இசை அமைத்தவரும் இவரே.

ஃபோக் பெயர் எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிந்திருக்கும். பிரிட்டிஷ் ஃபோக் ராக்கின் முதல் வரிசைக் கலைஞர்கள் வாசித்தால், கேட்பவர் அதை ஃபோக் என்றுதான் அடுக்குவார். வாத்தியக்காரர்களின் திறமையில் வாஷ்டிக்குக் குறை இல்லை. ஆனால் தாம் மனத்தில் கேட்ட ஒலி அதுவல்ல என்பதைப் பிற்காலப் பேட்டிகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். 1965இல் பெரிய வாத்தியக் குழு, 1969இல் ஃபிடிலும் பாஞ்சோவும். இரண்டு முறையும் உடை மிக அழகாகவே தைக்கப்பட்டது. அளவெடுக்கும்போது அவரிடம்தான் யாரும் கேட்கவில்லை.

கிர்பி அமைத்த மூன்றில் ஒன்றான, ஆல்பத்தின் முதல் பாடல் மட்டும் விதிவிலக்கு என்பேன். ரெக்கார்டர் எனும் மரக்குழல்கள் குரலோடு மோதாமல், மூச்சு விடும் இடைவெளிகளில் மட்டும் வந்து போகின்றன. முழுப் பாட்டும் இரண்டு நிமிடம்கூட இல்லை.

இவ்வளவு பேர் சேர்ந்தும் ஏன் விற்கவில்லை?

பதிவு முடிந்து ஏறத்தாழ ஓராண்டு கழித்துத்தான் ஃபிலிப்ஸ் நிறுவனம் ஆல்பத்தை வெளியிட்டது. அதற்குள் ஜோ போயிட் தம் நிறுவனத்தை விற்றுவிட்டு அமெரிக்காவில் வார்னர் நிறுவன வேலைக்குப் போயிருந்தார். வாஷ்டியின் கையிலோ குழந்தை. ஊர் ஊராகப் போய்ப் பாடி விற்க ஆளில்லை, விளம்பரப்படுத்தவும் ஆளில்லை. சில நூறு பிரதிகள் விற்றதாகவே பொதுவாகச் சொல்லப்படுகிறது. வந்த ஓரிரண்டு மதிப்புரைகளும் அவருக்கு உற்சாகம் தரவில்லை.

உறையும் ஒரு காரணம் என்பது என் சொந்தக் கருத்து. தலையில் துணி கட்டிய பெண் கிராமத்து வீட்டு வாசலில் நிற்க, சுற்றிலும் விலங்குகள் வரையப்பட்ட அந்தப் படத்தைப் பார்க்கும் எவரும் இது குழந்தைப் பாடல் இசைத்தட்டு என்று நினைத்திருக்கலாம். உள்ளே ஒரு பாட்டு 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டிலேயே வேறு இருக்கிறது!

குரல் ரொம்பப் பலவீனமாக இருக்கிறதே. உண்மையில் பாடத் தெரிந்தவர்தானா?

இதை எரிச்சலோடு கேட்பவர்களும் உண்டு; கேள்வி நியாயமானதுதான். உரத்து நீட்டிப் பாடும் குரல் அவரிடம் இல்லை. அடங்கிய, காற்றுக் கலந்த, ஏறக்குறையப் பேச்சின் அளவிலேயே நிற்கும் குரல். ஆனால் சுருதி விலகாது. சொற்களை மெட்டின் மேல் இறுக்கி ஒட்டாமல், ஒரு சொல்லை நுனியில் மெல்ல விட்டு அடுத்ததைத் தொடும் பழக்கம் அவருக்கு உண்டு. அது பலவீனத்தால் வருவதாகத் தோன்றினாலும் எல்லாப் பதிவுகளிலும் ஒரே மாதிரி நிகழ்வதால் பாணி என்றுதான் கொள்ள வேண்டும்.

இத்தகைய குரலை மைக்குக்கு மிக அருகில் வைத்துப் பதிந்து, சுற்றி இருப்பவற்றைக் குறைத்தால்தான் அதன் நுணுக்கம் கேட்கும். முதல் சிங்கிளில் நடந்தது நேர்மாறு. அமெரிக்கத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் ரசிகரான ஓல்டம், அவரைப் போலவே வாத்தியங்களைச் சுவர் போல அடுக்கி, அந்தச் சுவருக்கு முன்னால் இந்தக் குரலை நிறுத்தினார். 'ட்ரெயின் சாங்'கையும் அதையும் அடுத்தடுத்துக் கேட்டால், பாடத் தெரியாதவர் எவர், பதியத் தெரியாதவர் எவர் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

நிக் டிரேக்கும் இவரும் ஒரே மாதிரிதானே?

வெளியிலிருந்து பார்த்தால் ஒற்றுமை நிறைய. ஒரே தயாரிப்பாளர், ஒரே ஒலிப்பதிவுக் கூடம், ஒரே வாத்திய அமைப்பாளர், ஒரே மாதிரியான விற்பனைத் தோல்வி, பிற்காலத்தில் ஒரே மாதிரியான புகழ். இருவரையும் சேர்த்துப் பாட்டு எழுத வைக்கலாம் என்று போயிட் முயன்றும் பார்த்தார். இரண்டு கூச்ச சுபாவிகளை ஓர் அறையில் உட்கார வைத்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. பாட்டு எதுவும் பிறக்கவில்லை.

ஒப்பீடு எனக்கு உடன்பாடில்லாத இடம் வேறு. டிரேக் 1974இல் 26 வயதில் இறந்துபோனார். அந்தச் சோகத்தின் சாயலை வாஷ்டியின் மேலும் பூசி, 'காணாமல் போன பாடகி' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அவர் காணாமல் போகவில்லை. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வீடு வாசலோடு, மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, விலங்குகள் சூழ வாழ்ந்துகொண்டிருந்தார்.

அப்படியானால் முப்பது வருஷம் பாடவே இல்லையா? பிள்ளைகளுக்குத் தாலாட்டுக்கூடவா?

மேடையில் இல்லை, பதிவுக் கூடத்திலும் இல்லை, வீட்டிலும் ஏறக்குறைய இல்லை. கிதாரைப் பார்த்தாலே தோற்றுப்போன நினைவு வருகிறது என்று அதை ஓரமாக வைத்துவிட்டார். ஆல்பத்தைத் தாமும் கேட்கவில்லை, பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டவில்லை.

இதை மனமுவந்த துறவாகச் சித்திரிக்கும் கட்டுரைகளைப் படித்துவிட்டுத்தான் பலர் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். இயற்கையோடு வாழ்வதற்காகப் புகழைத் தூக்கி எறிந்தாராம்! எறிவதற்கு முதலில் புகழ் இருக்க வேண்டுமே. அவர் விட்டுப்போனது வெறும் மனவருத்தத்தை. கிராம வாழ்க்கையை அவர் விரும்பித்தான் தேர்ந்தார், அதில் ஐயமில்லை. ஆனால் பாட்டை விட்டது காயத்தினால். இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததால் ஒன்றாகத் தெரிகின்றன.

மறுபடி எப்படி வெளிச்சத்துக்கு வந்தார்?

1997 வாக்கில் இணையத்தில் தம் பெயரைத் தேடிப் பார்த்திருக்கிறார். அந்த மறந்துபோன இசைத்தட்டைச் சேகரிப்பாளர்கள் தேடி அலைவதும், நூற்றுக்கணக்கான பவுண்டு கொடுத்து வாங்குவதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. விற்பவருக்குப் போகும் அந்தப் பணத்தில் பாடியவருக்குக் காசு எதுவும் வராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உரிமை யாரிடம் இருக்கிறது, மூலப் பதிவு எங்கே கிடக்கிறது என்றெல்லாம் தேடி எடுத்து, 2000இல் ஸ்பின்னி என்ற சிறு நிறுவனத்தின் வழியாக ஆல்பம் குறுவட்டாக வெளிவந்தது.

அடுத்த திருப்பம் இளைஞர்களால். தேவேந்திரா பான்ஹார்ட் என்ற பாடகர், அப்போது யாரென்றே தெரியாதவர், தம் பாடல்களை அவருக்கு அனுப்பி, தொடர்ந்து பாடலாமா என்று கேட்டு எழுதினார். (பெயரைப் பார்த்து நம்மவர் என்று நினைத்துவிடாதீர்கள், அவர் அமெரிக்கர், வெனிசுவேலாவில் வளர்ந்தவர். பெற்றோர் ஓர் இந்தியக் குருவின் சீடர்கள்.) 2004இல் அவருடைய ஆல்பத்தில் வாஷ்டியும் ஒரு பாடலில் சேர்ந்து பாடினார். 2005இல் அனிமல் கலெக்டிவ் குழுவோடு ஒரு குறு ஆல்பம், அதே ஆண்டில் தமது இரண்டாவது ஆல்பமான 'லுக்காஃப்டரிங்'. முதல் ஆல்பத்துக்கும் இரண்டாவதற்கும் இடையே 35 ஆண்டுகள்.

பிறகும் ஆல்பங்கள் வந்திருக்கும்போது 'குறுகிய இசை வாழ்க்கை' என்பது தப்பில்லையா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் சுற்று 1965 முதல் 1970 வரை. இரண்டாவது சுற்றில் 2005இல் ஓர் ஆல்பம், 2014இல் 'ஹார்ட்லீப்' என்ற இன்னொன்று. ஆக, வாழ்நாளில் மூன்றே ஆல்பங்கள். 1965இல் அறிமுகமான பாடகர்களில் பிழைத்து நின்றவர்கள் முதல் ஐந்து ஆண்டுகளிலேயே இதைவிடக் கூடுதலாகத் தந்திருக்கிறார்கள். அளவைப் பார்த்தால் குறுகியதுதான்; காலத்தைப் பார்த்தால் அரை நூற்றாண்டு. நான் குறுகியது என்று சொல்வது முதல் சுற்றைத்தான். பாப் தொழில் அவருக்குக் கொடுத்த வாய்ப்பு அவ்வளவுதான்.

விளம்பரத்தில் இவர் பாட்டைக் கேட்டிருக்கிறேன். தொழிலை வெறுத்துக் காட்டுக்குப் போனவர் கைப்பேசி விளம்பரத்துக்குப் பாட்டைக் கொடுக்கலாமா?

நீங்கள் கேட்டது 2006இல் டி-மொபைல் நிறுவனம் பயன்படுத்திய, 1970 ஆல்பத்தின் முதல் பாடலான 'டயமண்ட் டே'யாக இருக்கும். 'ட்ரெயின் சாங்'கோ 'பேட்ரியட்' என்ற அமெரிக்கத் தொடரின் தொடக்க இசையாக ஒலிக்கிறது.

கொடுக்கலாமா என்றால், ஏன் கூடாது? அவர் வெறுத்தது பாட்டு மக்களிடம் போய்ச் சேராத நிலையை. பாப் சிங்கிள் வானொலியில் ஒலித்து, கடைத்தெருவில் எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்று ஆசைப்பட்டவர் என்பதை மேலே பார்த்தோம். 1970இல் சில நூறு பேர் கேட்ட பாட்டை 36 ஆண்டுகள் கழித்து நாடே கேட்டது. குதிரை வண்டிக் கதையை வைத்து அவருக்கு நாமாக ஒரு கொள்கையைச் சூட்டிவிட்டு, அதை அவர் மீறிவிட்டார் என்று குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

'ட்ரெயின் சாங்'. பிடித்தால் 1970 ஆல்பத்தை முழுதாக, ஒரே அமர்வில். குழந்தைப் பாட்டு மாதிரி இருக்கிறதே என்று பாதியில் விலகத் தோன்றினால், பயணத்தைப் பற்றிய பதிலை மறுபடி படித்துவிட்டுத் தொடருங்கள். அதன் பிறகு 2005 ஆல்பம். மாக்ஸ் ரிக்டர் தயாரித்த அதில் ஜோவன்னா நியூசம் யாழ் வாசிக்கிறார். 1969இல் இசை அமைத்த அதே ராபர்ட் கிர்பி மீண்டும் வந்து கொம்பு வாத்தியம் வாசித்திருக்கிறார். அதன் உறையில் உள்ள ஓவியம் வாஷ்டியின் மகள் வரைந்தது. சிங்கிள்களும் பழைய நாடாவும் அடங்கிய 2007 தொகுப்பை இவற்றுக்குப் பிறகு கேட்டால்தான் முழுச் சுவை.

இனி புது ஆல்பம் வருமா?

2014இல் 'ஹார்ட்லீப்' வந்தபோதே அதுதான் கடைசி ஆல்பம் என்று அறிவித்துவிட்டார். 2022இல் தம் வாழ்க்கைக் கதையை எழுதி நூலாக வெளியிட்டார். அதில் குதிரைப் பயணம்தான் பெரும்பகுதி.

அந்தக் கடைசி ஆல்பத்தில் ஒரு வேறுபாடு உண்டு. அதை எடின்பரோவில் தம் வீட்டிலேயே, ஒலிப்பதிவு மென்பொருளைத் தாமே கற்றுக்கொண்டு, பெரும்பாலும் தனியாக உட்கார்ந்து பதிவு செய்தார். இரு கைகளாலும் சேர்த்துப் பியானோ வாசிக்க அவருக்கு வராது. அதனால் ஒரு கையின் பகுதியை முதலில் வாசித்துப் பதிந்துகொண்டு, மறு கையின் பகுதியைப் பிறகு அதன் மேல் சேர்த்திருக்கிறார். முடிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. சீக்கிரம் முடி என்று சொல்ல அந்த வீட்டில் தயாரிப்பாளர் எவரும் இருக்கவில்லை.